லா வெர்ன் இட்டேறி

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஓதில் மெஷின் ரம்பத்தைக் கிளப்பிவிட்டாள். வயது ஐம்பத்தெட்டு ஆகிறது. மரம் அறுக்க இன்னொரு ஆளைக் கூப்பிடும் வழக்கம் அவளிடம் என்றைக்கும் இருந்ததில்லை. இரண்டு உயிர்வேலிக்கு நடுவே போகும் இட்டேறியின் கீழ்முனையில் பாதி பட்டுப்போய் நின்ற ஓக் மரத்தை மூன்று வருஷமாகவே விறகுக்கென்று பார்த்து வைத்திருந்தாள். இன்றைக்கு அது விறகுக்காக விழவில்லை. இந்த வேலியிலிருந்து அந்த வேலி வரைக்கும் குறுக்கே விழ வேண்டும், முதுகில் மூட்டை கட்டிய ஒருத்தனும் தாண்டக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அறுத்தாள். அப்படியேதான் விழுந்தது.

ரம்பத்தை அணைத்த பிறகும் ஆத்திரம் தீராமல் விழுந்த மரத்தை ஓர் உதை உதைத்தாள்.

மர்சூல் ஊர் தேவாலயத்தடியில் கிளம்பி, துணி துவைக்கிற பழைய தொட்டியைத் தாண்டி, லெ பொந்தே கிராமத்தின் பன்னிரண்டு வீடுகளையும் நாய்களையும் கடந்து, பதினாலு கிலோமீட்டர் சுற்றி மறுபடி தேவாலயத்துக்கே வந்து சேரும் நடைவழி அது. கல்லிலும் மரத்திலும் மஞ்சள் பட்டை அடித்திருக்கும். மஞ்சளைப் பார்த்துக்கொண்டே காலை எடுத்து வைத்தால் போதும், மண்டைக்கு வேலையே இல்லை என்பாள் ஓதில். அந்தப் பதினாலு கிலோமீட்டரிலும் நடக்கிறவர்கள் வாயைப் பிளந்து நிற்கிற இடம் அவளுடைய லா வெர்ன் பண்ணைக்கு நடுவே போகும் இந்த இட்டேறிதான். இரண்டு பக்கமும் ஹேசல் புதரும் முள்ளிலைச் செடியும் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, ஓக் கிளைகள் தலைக்கு மேலே கை கோத்துக்கொள்ளும். ஆகஸ்ட் மதியத்திலும் உள்ளே நுழைந்தால் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொள்ளத் தோன்றும். வழிகாட்டிப் புத்தகத்தில் ‘ரம்மியமான நிழற்பாதை’ என்று அச்சடித்திருந்தார்கள். அந்த ரம்மியத்தை வருஷா வருஷம் குளிரில் மூக்கு ஒழுக நின்று வெட்டி, முள்ளை இழுத்துப் போட்டு எரிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நிழல் மனிதர்களுக்கு ரம்மியம். மாடுகளுக்கு அது உயிர். இட்டேறிக்கு மேற்கே இருக்கிற மேட்டுக்காட்டில் ஒரு மரம் கிடையாது. டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று அவள் மாமனார் காலத்தில் புல்டோசர் வைத்து உயிர்வேலி முழுவதையும் வழித்துவிட்டார்கள். தண்ணீரும் அங்கே இல்லை. குட்டை இட்டேறிக்குக் கீழ்ப்புறம் இருக்கிறது. அதனால் வெயில் காலத்தில் மேட்டுக்காட்டிலிருந்து இட்டேறிக்கு இறங்கும் இரும்புப் படலை ஓதில் திறந்தே விட்டுவிடுவாள். இட்டேறியின் இரண்டு முனையிலும் ஆள் மட்டும் வளைந்து நுழைகிற மாதிரி கட்டை போட்டிருந்தது. மாடுகள் தாங்களாக இறங்கி வந்து நிழலில் படுத்து, குட்டையில் குடித்து, சாயங்காலம் தாங்களாக மேலே ஏறும். நடக்கிறவர்கள் வழியில் மாட்டைப் பார்த்து அலறுவார்கள், சாணியை மிதித்துவிட்டு ஊராட்சிக்குக் கடிதம் எழுதுவார்கள். போன வருஷம் யாரோ இரண்டு தடவை அந்தப் படலைச் சாத்திவிட்டுப் போனார்கள். இந்த ஜூனில் ஓதில் ஒரு பலகையில் தார் தொட்டு எழுதிப் படலில் ஆணியடித்தாள்: ‘படலில் கை வைக்காதே. மாடு உன் அப்பன் வீட்டு மாடு இல்லை.’

அவளுக்கு அந்த வாக்கியத்தில் ரொம்பத் திருப்தி.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை மாதா திருநாள். ஊர் விருந்துக்கு ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு சீவ வேண்டும். மாவுக்குள் கிழங்கை அடுக்கி, வேகிற நேரத்தில் க்ரீம் ஊற்றிச் சுடுகிற பெரிய பெரிய அடைகள். ஓதில் காலை ஏழு மணிக்கே போய்விட்டாள். முப்பத்தொன்பது டிகிரி வெயில். ஐந்து மணிக்குத் திரும்பி வரும்போது மேட்டுக்காட்டுப் படல் சாத்திக் கிடந்தது. பதின்மூன்று மாடுகள் அதை நெருக்கிக்கொண்டு வாயில் நுரை தள்ள நின்றன. கத்தக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. திறந்ததும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு குட்டைக்கு ஓடின. பதினாலாவது ஓடவில்லை. அது மிராபெல். கன்றுகளுக்கு எம் எழுத்தில் பேர் வைத்த வருஷத்தில் பிறந்தது, ஏழு வயது, செம்பழுப்பு நிறம், பத்து நாளில் கன்று போட வேண்டியது. படுத்த இடத்திலேயே கழுத்தை நீட்டிக் கிடந்தது. ஓதில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து தலையில் ஊற்றினாள். ஏழு மணிக்கு மூச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் வயிற்றுக்குள் கன்று இரண்டு தடவை அசைந்தது. மாட்டு வைத்தியர் வந்து சேர்ந்தபோது அந்த அசைவும் இல்லை.

மறுநாள் செத்த மாடுகளை அள்ளுகிற லாரி வந்து, கொக்கியை மாட்டி, மிராபெலைத் தூக்கிக்கொண்டு போனது. ஓதில் நேராக ஊர் மளிகைக்கடைக்குப் போய், ரொட்டி வாங்குகிற சாக்கில், செவ்வாய்க்கிழமை அந்த வழியாக நடந்தவர்கள் கொலைகாரர்கள் என்று இருபது பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தாள். இருபது பேரும் தலையாட்டினார்கள்.

மரம் விழுந்த செய்தி அரை மணியில் ஊருக்குப் போய்விட்டது. மேயர் ஷாந்தால் தன் சின்னக் காரில் வந்து இறங்கினாள். அவளும் ஓதிலும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆபீஸ் செருப்போடு, மாடுகள் மிதித்த சேற்றில் நின்று, விழுந்த மரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள்.

“பொதுவழியில மரத்தைத் தள்ளுனா என்ன தண்டனைன்னு தெரியுமா ஓதில்?”

“படிச்சவ நீதான. சொல்லு.”

“சொல்றதுக்கு வரல. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். உன் மனுவை எடுக்கறோம். நடைவழியை இந்த இட்டேறியில இருந்து மாத்தி மேல் தார் ரோட்டோட திருப்பி விடறதா, வேண்டாமான்னு.”

“அஞ்சு வருசமா எடுக்காத மனு.”

“அஞ்சு வருசமா உனக்கு மூணு கை கூடத் தேறல. இப்ப மாடு செத்துப்போச்சு, ஆறு கை தேறுது. பதினொண்ணுல ஆறு. என் கை தூக்காது, உனக்கே தெரியும். தார் ரோட்டுல வேகறதுக்கு எவன் வருவான்? அவங்க வரலீன்னா அந்த மளிகைக்கடை அடுத்த வருசம் இருக்காது. ஆனா தோத்தா தோத்ததுன்னு இருப்பேன். அதனால நாளைக்கு ஆறு மணி வரைக்கும் ரம்பத்தையும் வாயையும் மூடி வையி. அந்த ஆறையும் நீயே கெடுத்துக்காத.”

ஓதிலுக்கு அவளை அறையவும் தோன்றியது, காப்பி கொடுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கிளைகளைக் கழிக்க ஆரம்பித்தாள். ஆறு கை என்கிற சொல் மட்டும் உள்ளே இனித்தது. நடைவழி போய்விட்டால் இட்டேறி முழுக்க அவள் மாடுகளுக்கு. பலகை வேண்டாம், கட்டை வேண்டாம், அலறுகிறவர்கள் வேண்டாம்.

மதியச் சாப்பாட்டில் அவள்தான் பேசினாள். முட்டைக்கோஸும் உப்புக்கறியும் போட்ட சூப். எதிரே அவள் புருஷன் அர்மான், பழைய ஊராட்சி உறுப்பினர். அறுபத்தாறு வயது. மே மாதம் இடுப்பெலும்பு மாற்றிய பிறகு தடி இல்லாமல் முற்றத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதை வைத்தியரை விடக் கடுமையாக ஓதில் சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை நடந்து போனவர்கள் யார் என்று கண்டுபிடித்துக் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றாள். லீல் நகரத்துப் பக்கத்திலிருந்து வந்து ஊர் விடுதியில் ஒரு வாரமாகத் தங்கியிருக்கிற புருஷன் பெண்டாட்டி என்று துப்புக் கிடைத்துவிட்டது என்றாள். அர்மான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். கிண்ணத்தின் அடியில் சூப் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பது அவன் வழக்கம். அப்படிக் குடிக்காத நாள் கிடையாது. அன்றைக்கு பாட்டிலைத் தொடவில்லை. வயிறு சரியில்லையாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அந்த லீல் அம்மாளே முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

கையில் நடைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் இரண்டு ஊன்றுகோல், தலையில் துணித்தொப்பி, வெயிலில் சிவந்த முகம். மரம் கிடந்ததால் தார் ரோட்டைச் சுற்றி வந்திருக்கிறாள். பெயர் மதாம் தெல்வாய் என்றாள். ஓதில் ட்ரெய்லரைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை.

“மதாம், கடையில என்னைக் கொலைகாரின்னு சொன்னீங்களாம்.”

“பேரு சொல்லல. செவ்வாக்கிழமை இந்த வழியா நடந்தவங்கன்னு சொன்னேன்.”

“செவ்வாக்கிழமை நடந்தது நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும்தான்.”

“அப்ப உங்களைத்தான் சொன்னேன்.”

மதாம் தெல்வாய் ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சண்டைக்குக் கை காலியாக இருக்க வேண்டும் என்பதுபோல் இருந்தது அது. பதினோரு மணிக்கு அவர்கள் வரும்போதே படல் சாத்தித்தான் இருந்தது என்றாள். மாடுகள் படலை முட்டிக்கொண்டு கத்தின. ஏதோ சரியில்லை என்று பட்டது. திறந்துவிடலாம் என்று கொண்டியில் கை வைத்தாள்.

“வெச்சுட்டு?” என்றாள் ஓதில்.

“உங்க பலகையைப் படிச்சேன். முப்பது வருசம் தபால் கொடுத்தவ நான், மதாம். படல்ல எழுதியிருக்கறதை மீறினா நாய் கடிக்கும், இல்லீன்னா நாய்க்குச் சொந்தக்காரன் கடிப்பான். கையை எடுத்துட்டேன்.”

“பக்கத்துலதான வீடு. வந்து சொல்றதுக்கு என்ன?”

“வந்து கதவைத் தட்டினோம். டிவி சத்தம் கேட்டுச்சு, யாரும் தெறக்கல. பொறவு ஊர் விருந்துக்கு வந்து சொன்னோம். ஒயின் ஊத்துற இடத்துல, தோளோட சிவப்புப் பட்டை மாட்டுன கால்சட்டை போட்ட பெரியவர்கிட்ட. மாடுன்னா கத்தத்தான் செய்யும் மதாம்னு சொல்லி என் கையில ஒரு கிளாஸைக் கொடுத்தார்.”

சிவப்புப் பட்டை என்றால் ஃபிர்மேன். ஊராட்சி உறுப்பினர், பக்கத்துப் பண்ணைக்காரர். அவர் ஒயின் ஊற்றிய மேஜைக்குப் பத்தடி தள்ளித்தான் ஓதில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பத்தடி. நினைத்ததும் அவளுக்கு வாயில் கசந்தது. கசந்த வாயால் கத்தினாள்.

“பலகை உங்களுக்கு எழுதுனது. சாகப்போற மாட்டுக்கு எழுதுனது இல்ல. கண்ணு இல்லயா உங்களுக்கு?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் ஊர்க்காரி இல்லயே. நீங்க எங்களுக்குன்னு எழுதி வெச்சது ஒரே ஒரு பேச்சு. அதைக் கேட்டோம்.”

மதாம் தெல்வாய் ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு, நாளைக் காலை ஊருக்குக் கிளம்புவதாகவும், மாட்டுக்காக ரொம்ப வருத்தப்படுவதாகவும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அந்த முதுகைப் பார்த்து ஓதில் “பொய்க்காரி” என்றாள். முதுகு ஒரு நிமிஷம் நின்றது. பிறகு போய்விட்டது.

ஓதில் குழாயை மூடினாள். சமையலறை வாசலில் அர்மான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

“அந்தம்மா சொல்றது நெசம்” என்றான்.

“எது நெசம்?”

“சாத்தித்தான் இருந்துச்சு. நாந்தான் சாத்துனேன்.”

அவன் சொன்னதையெல்லாம் அவள் ஈரக் கையோடு நின்று கேட்டாள். அவள் விருந்துக்குப் போன பிறகு, தடி இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்க்க ஆசைப்பட்டானாம். மேட்டுக்காடு வரைக்கும் போய்விட்டான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக மாடுகளைத் தன் காலில் நின்று பார்த்தான். எல்லாம் இன்னும் மேலே மேய்ந்துகொண்டிருந்தன. சந்தோஷத்தில் திரும்பும்போது திறந்து கிடந்த படலைச் சாத்திவிட்டான். ஏழு வயதில் படலைச் சாத்த மறந்து, கிடாரிகள் அடுத்தவன் தீவனக்காட்டில் புகுந்து வயிறு ஊதிச் செத்ததற்காக அவன் அப்பன் அவனைப் பெல்ட்டால் விளாசியிருக்கிறார். அன்றிலிருந்து அவன் தாண்டிய எந்தப் படலும் அவன் பின்னால் திறந்து கிடந்ததில்லை. வீட்டுக்கு வந்து, நடந்த களைப்பில் டிவி முன்னால் தூங்கிப்போனான்.

“பலகை? அவ்வளவு பெரிய எழுத்துல எழுதியிருக்கேனே.”

“அது நடக்க வர்றவங்களுக்கு எழுதுனது. எம் பொண்டாட்டி எழுதுன பலகையை நான் எதுக்குப் படிக்கறேன்? சாத்துனதே எனக்கு ஞாபகம் இல்ல ஓதில். படல் சாத்தியிருக்குதுன்னு நீ கத்துனப்பதான் கொண்டி விழுந்த சத்தம் காதுல வந்துச்சு.”

“ரெண்டு நாளாச்சு. கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போறப்ப என் பக்கத்துலயே நின்னியே மனுசா. நான் மரம் வெட்டறேன், ஊரெல்லாம் கத்தறேன், இப்ப ஒரு பொம்பளையைப் பொய்க்காரின்னு சொல்லி அனுப்பறேன். கேட்டுட்டு நிக்கற.”

“சொன்னா, இந்த ஆளை நம்பி இனி மாடு வெச்சுக்க முடியாதுன்னு எல்லாத்தையும் வித்துப்போடுவியோன்னு பயம்.” அர்மான் நிலையை விட்டுக் கையை எடுக்கவில்லை. “நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு ஆறு கை இருக்குது. அந்தம்மாவும் ஊருக்குப் போயிடும். நாம பேசாம இருந்தா இட்டேறி நமக்கு ஆகிப்போவும்.”

ஓதில் அவனை அடிக்கவில்லை, அடித்தால் விழுந்துவிடுவான். கையிலிருந்த வாளியை முற்றத்தின் அந்தக் கோடிவரை வீசினாள். வாளி சுவரில் பட்டு நசுங்கியது. அவளுக்கு எதன் மேல் அதிகக் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் கையின் மேலா, தன் பலகையின் மேலா. அதைவிட மோசம், அவன் கடைசியாகச் சொன்னது அவளுக்கும் நியாயமாகப் பட்டது.

மறுநாள் முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. வைக்கோல் உருண்டைகளை ஏற்றினாள், மாடுகளைக் குட்டைக்கு ஓட்டினாள், காரணமில்லாமல் இரண்டு தடவை ஊர்ப் பக்கம் வண்டியை விட்டாள். விடுதியின் கொடியில் படுக்கை விரிப்புகள் காய்ந்தன. மதாம் தெல்வாயும் புருஷனும் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார்கள் என்று விடுதிக்காரி சொன்னாள். எங்கே இருக்கிறார்கள், விலாசம் என்ன என்று கேட்க ஓதிலுக்கு வாய் வரவில்லை. கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஆறு மணிக்கு ஊராட்சி அறையில் ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் புழுங்கியது. நீள மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர். சுவரோரம் நாற்காலிகளில் ஊர்க்காரர்கள் ஒரு பத்துப் பேர், அவர்களோடு ஓதிலும் அர்மானும். அவனை அவள் கூப்பிடவில்லை. அவனாகவே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஷாந்தால் மனுவைப் படித்தாள். பிறகு ஃபிர்மேன் எழுந்து, வெளியூர்க்காரர்கள் எப்படிக் கண்ணிருந்தும் குருடர்கள், ஒரு வாயில்லா ஜீவனை எப்படிக் கொன்றார்கள் என்று பேசினார். அதே வாயால்தான் அவர் விருந்தன்று மாடு கத்தத்தான் செய்யும் என்று சொல்லியிருந்தார். ஓதிலால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

“படலைச் சாத்துனது அர்மான்” என்றாள்.

ஃபிர்மேன் பாதியில் நின்றார். எல்லாத் தலைகளும் அர்மான் பக்கம் திரும்பின. அவன் தடியை ஊன்றி எழுந்து, “ஆமா, நாந்தான். கைப்பழக்கம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அவர்கள் அவன் மேல் கல்லெறிவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நடந்ததையும் அவள் எதிர்பார்க்கவில்லை. முதலில் ஒருவர் மூக்கால் சிரித்தார். பிறகு மேஜை முழுக்கச் சிரிப்புப் பரவியது; நல்ல சிரிப்பு, உறவுக்காரர்களின் சிரிப்பு. யாராக இருந்தாலும் சாத்தியிருப்போம் என்றார் ஃபிர்மேன். திறந்த படலைப் பார்த்துவிட்டு விவசாயிக் கை சும்மா இருக்குமா என்றார் இன்னொருவர். தன் கல்யாணத்தன்றே தேவாலயத்திலிருந்து வரும் வழியில் வண்டியை நிறுத்திப் படல் சாத்தியதை ஒருவர் சொன்னார். பின்னாலிருந்து யாரோ அர்மானின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அர்மானின் முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

அப்படியானால் மனுவுக்குக் காரணமே இல்லாமல் போகிறது, திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றாள் ஷாந்தால்.

“எதுக்குத் திருப்பி எடுக்கோணும்?” என்றார் ஃபிர்மேன். “அவங்க நடக்க வந்ததாலதான பலகை. பலகை இல்லீன்னா இந்தப் பேச்சே இல்ல. மாடு செத்தது செத்ததுதான். கையைத் தூக்குங்கப்பா, வீட்டுக்குப் போலாம்.”

கைகள் தூக்கப்பட்டன. ஓதில் எண்ணினாள். ஆறு. அஞ்சு வருஷமாக அவள் கனவில் பார்த்த கைகள். வெயிலில் கருத்து, நகம் வெடித்து, எல்லாமே அவளுக்குத் தெரிந்த கைகள். இட்டேறி அவளுடையதாகிவிட்டது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

“அந்தப் பொம்பளை சாத்தியிருந்தா கொலை” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “அர்மான் சாத்துனா கைப்பழக்கம். சிரிக்கறீங்க. அவ சாத்தக்கூட இல்ல. கதவைத் தட்டுனா, ஊருக்கு வந்து சொன்னா. ஃபிர்மேன், உங்ககிட்டத்தான் சொன்னா. நீங்க கிளாஸைக் கொடுத்தீங்க. மாட்டைக் கொன்னது என் புருசனோட கையும், என் பலகையும், உங்க காதும். நான் அவளைப் பொய்க்காரின்னு சொன்னேன். அவ இப்ப லீலுக்குப் போயிட்டா, இனி நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது? இந்த லட்சணத்துல நமக்கு நிழல் வேற கேக்குதா?”

ஷாந்தால் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

“கையைக் கீழ போடுங்க” என்றாள் ஓதில்.

ஒரு கை இறங்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. ஃபிர்மேன் சிவப்புப் பட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிற மாதிரி தன்னுடையதை இறக்கினார். மேஜையைச் சுற்றி ஒரு கையும் மேலே இல்லை. ஆனால் எல்லோரும் இன்னும் அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பினாள். உறுப்பினர் பதவி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், கையைத் தூக்குங்கள் என்றதும் அர்மான் தன் கையைத் தூக்கியிருந்தான். தூக்கியிருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. ஓதில் அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவன் மடியில் வைத்து, கூட்டம் முடியும் வரை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.